என் முதல் பாட்டும் அப்பாவின் செல்போனும்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் வந்து, "நீதான் நம்ம யூனியன் ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிக்கியே, இசையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றான். இசையின் பெருமையை எழுத எனக்குத் தகுதி கிடையாது நண்பர்களே. ஆனால் ஒரு பாட்டைப் பற்றி எழுதலாம். உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுச் சிரித்தாயிற்று. மீதிப் பேர் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆட்சேபணை இல்லை.

எங்க அப்பாவுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். அந்த மூன்று மாத வருமானத்தில்தான் எங்கள் வீட்டில் வருஷம் ஓடும். 2020-ல் ஊரடங்கு வந்தது. சாரல் வழக்கம்போல விழுந்தது, பேரருவியில் தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து எழுந்து கொட்டியது, குளிக்க மட்டும் தடை. அந்த சீசன் முழுக்க அப்பா காலையில் எண்ணெய்ப் பாட்டில்களைத் துடைத்து வரிசையாக வைப்பார். சாயங்காலம் மறுபடியும் எடுத்துத் துடைப்பார். யாரோடும் பேசமாட்டார்.

நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவைச் சிரிக்க வைக்கணும் என்று ஒரு பாட்டுக் கட்டினேன்.

"குற்றால அருவியே, கூட்டில் வாழும் குருவியே,
கூட்டமெல்லாம் எங்கே, சொல்லு நீயும் உருகியே."

அருவி, குருவி, உருகி... அந்த வயசில் இதைவிட்டால் உலகத்தில் வேறு எதுகையே இல்லை என்று நினைத்திருந்தேன்! தாளத்துக்கு பிளாஸ்டிக் வாளி. ரெக்கார்டிங் அப்பாவின் பட்டன் போனில். மொத்தம் 2 நிமிஷம் 10 விநாடி. பல்லவியை ஒரு சுருதியில் பிடித்து, இரண்டாம் சரணத்தில் எங்கேயோ மேலே ஏறிப் போயிருப்பேன். வாளி எனக்கு முன்னால் ஓடும். போதாக்குறைக்கு இருபதாவது விநாடியில் அம்மாவின் குரல்: "ஏலே, பால் பொங்குது பாரு!"

அப்பா கேட்டார். "எய்யா, இன்னொரு மட்டம் போடு" என்றார். அன்றைக்கு ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். மறுநாள் அதையே ரிங்டோனாக வைக்கச் சொன்னார்.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன், ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன், சுருதி, தாளம், கார்டு எல்லாம் ஓரளவு பிடிபட்டது. பிடிபடப் பிடிபட அந்தப் பாட்டைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. வீட்டில் போன் அடித்தால் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் எடுப்பேன். நான் பொறுப்பான பிள்ளை என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் ஆண்டு, ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு நண்பர்கள் ஆறு பேர் பேரருவிக்குக் குளிக்க வந்தார்கள். நானும் கூட இருந்தேன். ஒருத்தன் அப்பாவிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "அண்ணாச்சி, யாரு பாட்டு இது? சூப்பரா இருக்கே" என்று கண்ணடித்துக்கொண்டே கேட்டான். கேலி என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. "எம் மவன் பாடுனது. அந்தா நிக்கான் பாருங்க" என்று என்னைக் காட்டினார். புளூடூத்தில் அவனுக்கு அனுப்பியும் கொடுத்துவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சொன்னேன்: "சும்மா சொல்லுதாருலே. அது நான் இல்ல."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு அவர் போனை எடுத்து அந்தப் பாட்டை அழித்தேன். காலையில் அப்பா போனை நீட்டினார். "பாட்டக் காணோம். நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்க, என்னன்னு பாத்துச் சொல்லேன்." நான் பேட்டரியைக் கழற்றி, மெமரி கார்டை எடுத்து ஊதி, திரும்பப் போட்டு, "கார்டு கரப்ட் ஆயிருச்சுப்பா" என்றேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டினவன் நான் ஒருத்தன். மெஷின் விஷயத்தில் நான் சொல்வதுதான் அப்பாவுக்குத் தீர்ப்பு. "சரி, நீ சொன்னாச் சரி" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். படித்த படிப்பை நான் முதன்முதலாக வீட்டில் உபயோகப்படுத்தியது இப்படித்தான்.

பாட்டு அழிந்தால் வெட்கமும் போய்விடும் என்று நினைத்தேன். எங்கே போகும்? திங்கட்கிழமை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அது வந்துவிட்டது. கேன்டீனில் ஒருத்தன் டேபிளைத் தட்டி "பால் பொங்குது பாரு" என்பான். இரண்டு வாரம் ஓடியது. பிறகு அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. எனக்குத்தான் அலுக்கவில்லை.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். நம் குரலை ரெக்கார்டில் கேட்டால் நமக்கே ஏன் பிடிப்பதில்லை? இது வெறும் வெட்கம் இல்லை, இதில் சயின்ஸ் இருக்கிறது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் இல்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு, கீழ் ஸ்தாயி ஒலிகளைத் தூக்கிக் காட்டும். அதனால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கும். ரெக்கார்டில் எலும்பு ஏது? சின்னப் பையன் குரலாகத்தான் வரும். அதிலும் அப்பாவின் பட்டன் போன் ஏ.எம்.ஆர். ஃபார்மட்டில் பதிகிற போன். விநாடிக்கு 8000 சாம்பிள், டெலிபோன் குரல் மாதிரி சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் உள்ளே விடும். என் முழுப்பாட்டும் 200 கேபிக்குள் அடங்கிவிட்டது. கம்யூனிகேஷன் லேபில் இதைப் படித்த அன்று பாதி பாரம் இறங்கியது. குற்றத்தில் பாதி போனுடையது!

மீதிப் பாதி? சின்ன வயசில் நான் பாடிப் பழகியதே அருவிக்குள் நின்றுதான். எல்லா அலைவரிசையும் கலந்த அந்த இரைச்சலில் சுருதி எங்கே போகிறது என்று பாடுகிறவனுக்கே கேட்காது. யாரும் திட்டமாட்டார்கள் என்பது ஒன்றுதான் லாபம்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஜெர்மனியில் பிராம்ஸ் என்று ஒரு மேதை. தன் முதல் இரண்டு ஸ்டிரிங் குவார்டெட்களை 1873-ல், நாற்பது வயசில்தான் வெளியிட்டார். அதற்கு முன் எழுதிய இருபதை அழித்துவிட்டதாக அவரே சொன்னாராம். ஆக, அழித்தவன் நான் மட்டும் இல்லை. ஆனால் அவர் அழித்தது அவர் மேஜையில் இருந்த தாளை. நான் அழித்தது இன்னொருத்தர் பையில் இருந்ததை. இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகப் போன பையன். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். நடுவில் எத்தனை மெட்டு போட்டிருப்பார்! அதெல்லாம் காற்றோடு போயிருக்கும். நம் காலத்தில் காற்று எதையும் கொண்டுபோவதில்லை, மெமரி கார்டு பிடித்து வைத்துக்கொள்கிறது.

பக்கத்து ஊர் செங்கோட்டைக்காரர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்து 1933-ல், இருபத்தேழு வயசில் போய்விட்டார். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை ஆளுக்குக் கேட்கிற மாதிரி உச்சத்தில் பாடினவர். அவர் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "என்னலே இம்புட்டு கத்துதாரு" என்று எங்கள் ஆட்கள் அதற்கும் சிரித்தார்கள்! அன்றைக்குத்தான் இவர்கள் சிரிப்புக்கு நான் வைத்திருந்த மதிப்பு கொஞ்சம் குறைந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனேன். கோயில் கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டைப் பற்றி நம் ஊரில் எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். பதினைந்தாம் நூற்றாண்டு ராஜா. இந்தக் கோயிலில் பின்னால் ஏதும் பழுது வந்தால், அதைச் சரி செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொன்னபடியே பழுது வந்தது. ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாக எழுந்து 1990-ல் குடமுழுக்கு நடந்தது. ராஜாவே இப்படிச் சொல்லும்போது, வாளி அடித்தவனுக்கு என்ன? பாட்டை அழிப்பானேன், பழுது பார்த்தால் போச்சு என்று தோன்றியது.

பார்த்தேன். ஆர்கெஸ்ட்ரா கீபோர்டை ஒரு ராத்திரி இரவல் வாங்கி, சுருதி சேர்த்து, வாளிக்குப் பதில் தபேலா வைத்து, 'உருகியே'யைத் தூக்கிவிட்டு வேறு வரி போட்டு, சுத்தமாகப் பாடி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம பாட்டு எங்க?"

"இதுதாம்பா அது."

"இதுல உங்கம்மா இல்லையே."

பாட்டு அழிந்த நாளிலிருந்து அப்பா அதை வாய்க்குள் முனகிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அன்றைக்கும் முனகினார். இரண்டாம் சரணத்தில் நான் எங்கே சுருதி தப்பினேனோ, அதே இடத்தில், அதே அளவு தப்பி மேலே போனார். வாளி முந்துகிற இடத்தில் அவரும் முந்தினார். ஒரு அட்சரம் மாறவில்லை.

"கார்டு கெட்டுப் போகலப்பா. நான்தான் அழிச்சேன்" என்றேன்.

அப்பா துண்டை எடுத்தார். கையில் எண்ணெயே இல்லை, ஆனாலும் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வேற யாருட்டயாவது கெடக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. புளூடூத்தில் வாங்கினானே, அவனிடம். குரூப்பில் போட்டு என் மானத்தை வாங்கியவனிடமே போய் நின்றேன். பார்டர் பரோட்டா வாங்கித் தந்தால் தருகிறேன் என்றான். நாலு பரோட்டாவும் ஒரு சிக்கனும் தின்றான். தின்று முடித்து, அனுப்பும்போது, "நான் இத டெலிட் பண்ணவே இல்லலே, நல்லாத்தான் இருக்கு" என்றான். கேலியா நிஜமா என்று இதுவரை தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன சீசனில் நானும் லீவு நாட்களில் அப்பாவுக்கு ஒத்தாசையாக அருவிக்கரையில் நின்றேன். போன் அடிக்கும்போது வெட்கமாகத்தான் இருந்தது. யாராவது கேட்டால், "நான்தான் பாடுனேன், எட்டாங்கிளாஸ் முடிச்சப்போ" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது அப்பா திரும்பிப் பார்த்தார்.

சீசனுக்கு வரும் நண்பர்கள் கவனத்துக்கு ஒரு தகவல். எண்ணெய் தேய்க்க எங்க அப்பாவுக்கு போன் போட்டால் உடனே எடுக்கமாட்டார். கட் பண்ணிவிடாதீர்கள். பால் பொங்கின பிறகுதான் எடுப்பார்.

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல்)