கடைவீதியில் கைக்குழந்தை

நம் ஊர்களில், நடுத்தரக் குடும்பங்களைப் பொறுத்தவரை, கைக்குழந்தை கடைக்குப் போனதில்லை. தாய் காய்கறிக் கூடையை எடுத்தால் பாட்டியின் மடி தயாராக இருக்கும். பாட்டி கோயிலுக்குப் போயிருந்தால் அத்தை இருப்பாள். அத்தையும் இல்லாவிடில் எதிர்வீட்டுத் திண்ணை இருக்கும். வயலுக்குப் போன தாய்மாரும் மரக்கிளையில் ஏணை கட்டிக் குழந்தையை உறங்க வைத்தனர். அருகில் மூத்த பிள்ளையொன்று காவலுக்கு அமர்ந்திருக்கும். எந்நிலையிலும் குழந்தைக்கென ஒரு ஜோடிக் கண்கள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. அதை யாரும் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைக்கவில்லை. வீடு என்றே அழைத்தார்கள்.

பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்த நாம் பருப்புப் பொடியையும் அப்பள மாவையும் தவறாமல் கொண்டு வந்தோம்; அந்த இரண்டாம் ஜோடிக் கண்களை மட்டும் கொண்டுவர இயலவில்லை. பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து வரும் அன்னையர் மூன்று மாதம் தங்கிவிட்டு, தில்லிக் குளிர் தாங்காமலோ ஊரில் மற்றொரு மகளின் பேறுகாலத்தை முன்னிட்டோ திரும்பிவிடுகின்றனர். பின்னர் நான்காம் மாடிக் குடியிருப்பில் இளந்தாயும் குழந்தையும் நான்கு சுவர்களும் எஞ்சுகின்றனர். இந்நாளில் கைப்பேசியில் கேட்டால் அரிசியும் பாலும் வாசலுக்கே வந்துவிடுகின்றன என்பது உண்மையே. ஆயினும் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கவும், சின்ன வெங்காயம் தேடி ஐ.என்.ஏ. சந்தைக்கோ கரோல்பாக்குக்கோ போகவும், எல்லாவற்றுக்கும் மேலாக மனித முகங்களைக் காணவும் அவள் வெளியே சென்றுதான் ஆக வேண்டும். அப்போது குழந்தையும் உடன் செல்கிறது.

கடைவீதியின் கணக்கு எளியது. பைக்கு ஒரு கை, பணத்துக்கு ஒரு கை, குழந்தைக்கு ஒரு கை. மனிதருக்கோ இரண்டே கைகள். ஆபத்துகளெல்லாம் அந்த மூன்றாவது கை இல்லாத இடத்தில்தான் நுழைகின்றன. பிறந்த குழந்தையின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்குதான். அதனால் குழந்தை எங்கிருந்து தவறினாலும் பெரும்பாலும் தலைதான் முதலில் தரையைத் தொடுகிறது.

தில்லியின் வாரச் சந்தைகளை அறியாதார் நம்மில் இலர். செவ்வாயன்று மங்கள் பஜார், புதனன்று புத் பஜார் எனக் கிழமையின் பெயரிலேயே அவை கூடுகின்றன. மாலை விளக்கேற்றும் நேரத்தில் மக்கள் வெள்ளமும், நடுவே நுழையும் மின்ரிக்ஷாவும், கீரைக்கட்டுக்கு வாய் நீட்டும் மாடும், ஜிலேபிச் சட்டியில் கொதிக்கும் எண்ணெயும் ஒரே சந்துக்குள் அடங்கும். இடுப்பிலிருக்கும் குழந்தையின் கை, நாம் எண்ணுவதைவிட ஒரு முழம் நீளம். தராசுத் தட்டும் சட்டியின் விளிம்பும் அதற்கு எட்டும். எனவே கூட்டம் சேருமுன் பிற்பகலிலேயே போய் வருவதும், அடுப்புள்ள கடைப்பக்கம் நம் வெறும் தோளும் மறுபக்கம் குழந்தையுமாக நடப்பதும் நாங்கள் கைக்கொண்ட வழக்கம்.

சந்தையில் அன்பும் ஆபத்தாக வருவதுண்டு. வடநாட்டு வணிகர் குழந்தையைக் கண்டால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். ஒரு பிடி நிலக்கடலையோ, இரண்டு திராட்சையோ பிஞ்சுக் கையில் வைத்து மகிழ்வார். நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்கு முழுக் கடலையும் முழுத் திராட்சையும் மூச்சுக்குழலை அடைக்கக் கூடியவை. வணிகரின் மனம் நோகாமல் அவற்றை நம் கையில் ஏற்று நன்றி கூறிப் பைக்குள் போட்டுக்கொள்வதே முறை. நம் பக்கத்து அன்பும் அப்படித்தான். பாட்டி போட்ட தங்கச் சங்கிலியும் வளையலும் வீட்டு விழாவுக்கு அழகு. நெரிசலில் அவை திருடனை அழைக்கும். திருடன் இழுப்பது சங்கிலியை. சங்கிலி இறுக்குவதோ குழந்தையின் கழுத்தை.

1966இல் கன்னாட் பிளேஸில் சூப்பர் பஜார் திறக்கப்பட்டபோது, ஒரே கூரையின் கீழ் எல்லாப் பொருளும் கிடைப்பது தலைநகருக்குப் புதுமையாக இருந்தது. அது மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது பேரங்காடிகளில் டிராலி என்னும் சக்கரக் கூடையைத் தள்ளிச் செல்கிறோம். 1937இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் அறிமுகப்படுத்திய இக்கருவி பொருளுக்காகப் பிறந்தது. குழந்தை இருக்கை பின்னர் சேர்ந்தது. பொருள் நெளியாது, எழுந்து நிற்காது. குழந்தை இரண்டும் செய்யும். அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரை இவ்வண்டிகளால் காயமுற்று மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்த, 15 வயதுக்குட்பட்ட சிறாரின் எண்ணிக்கை ஐந்து லட்சத்து முப்பதாயிரம் எனக் கணக்கிட்டுள்ளனர். பத்தில் ஏழு நிகழ்ச்சிகள் வண்டியிலிருந்து விழுந்தவை. காயங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தலையில் பட்டவை.

அத்தகைய ஓர் அங்காடியில், தாய் மேல்தட்டிலிருந்த எண்ணெய் டப்பாவுக்குக் கை உயர்த்திய கணத்தில், டிராலிக்குள் எழுந்து நின்ற குழந்தை வெளியே சாய்ந்ததை நாங்கள் கண்டோம். பின்னால் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் சட்டையைப் பற்றி இழுத்துக் காத்தார். அந்த முதியவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்று வீடு சேரும் வரை நாங்கள் பேசவில்லை. இருவர் மனத்திலும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தனி வண்டியில் வைத்துத் தள்ளுவோர், காய்கறிப் பையை அதன் கைப்பிடியில் மாட்டலாகாது. பாரம் மிகுந்தால் வண்டி பின்புறம் மல்லாந்துவிடும். நகரும் படிக்கட்டில் அதை ஏற்றாமல் மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும். மார்போடு துணியில் கட்டிச் செல்வோர் குழந்தையின் முகம் எந்நேரமும் தெரியும்படியும், முகவாய் நெஞ்சில் அழுந்தாதபடியும் கட்ட வேண்டும். தூசுக்கும் கண்ணேறுக்கும் அஞ்சித் துப்பட்டாவால் முகத்தை மூடுவது, நான்கு மாதம் நிரம்பாத சிசுவுக்கு மூச்சை மூடுவதாக முடியலாம்.

ஸ்கூட்டரில் சந்தைக்குப் போவோருக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வகுத்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பட்டையால் பிணைக்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. காருள்ளோருக்கோ வேறொரு சோதனை. "உறங்குகிறதே, ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம்" என்று தோன்றும். பூட்டிய காரினுள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் உயர்வதையும், அவ்வுயர்வில் எண்பது விழுக்காடு முதல் அரைமணியிலேயே நேர்வதையும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பயனில்லை என்பதையும் 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவும் இதமான வெயிலில் அளந்த கணக்கு. லூக் காற்று வீசும் தில்லி மே மாதத்தைச் சொல்லவும் வேண்டுமோ!

இவ்வளவு எச்சரிக்கைக்கும் இறுதியில் எஞ்சும் அறிவுரை என்ன? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2006இல் டிராலி விபத்துகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குழந்தையை அவ்வண்டியில் ஏற்றாமலிருக்க அது கூறிய வழிகளுள், இன்னொரு பெரியவரை உடன் அழைத்துச் செல்லுதலும் குழந்தையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விட்டுச் செல்லுதலும் இடம்பெற்றன. ஆய்வும் கணக்கும் சுற்றிச் சுற்றி வந்து நிற்குமிடம் நம் பாட்டியின் மடியே அன்றோ!

எங்களுக்கு அம்மடி எதிர்பாராத மொழியில் கிடைத்தது. எங்கள் பிள்ளைக்கு ஐந்து மாதமாக இருந்தபோது, மாடிப்படியில் பையும் குழந்தையுமாக இறங்கிய எங்களைக் கீழ்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி தடுத்து நிறுத்தினார். "பேட்டி, குழந்தையை இங்கே கொடு. கொத்தமல்லி மட்டும் எனக்குச் சேர்த்து வாங்கி வா" என்றார். அரைகுறை இந்தியில், "உங்களுக்குச் சிரமம், பீஜி" என்று தயங்கினோம். "என் பேரன் கனடாவில் இருக்கிறான். யாருக்கு யார் சிரமம்?" என்று கேட்டபடி கையை நீட்டிவிட்டார். அன்றுமுதல் வாரந்தோறும் அவருக்குக் கொத்தமல்லி சென்றது. எங்கள் பிள்ளை முதலில் பேசிய சொற்களில் ஒன்று பஞ்சாபியாக அமைந்தது.

அதையே பின்னர் எங்கள் வளாகத்துத் தமிழ்க் குடும்பங்கள் மூன்றும் ஓர் ஏற்பாடாக்கிக் கொண்டோம். சனிக்கிழமை ஒரு வீட்டார் மூன்று வீட்டுச் சீட்டுகளுடன் சந்தைக்குச் செல்வர். மற்றொரு வீட்டில் குழந்தைகள் அனைவரும் இருப்பர். மூன்றாம் வீட்டார் ஓய்வெடுப்பர். அடுத்த வாரம் முறை மாறும். கணக்கில் ஐந்து பத்து ரூபாய் முன்பின்னாகும். அதை எவரும் பொருட்படுத்தியதில்லை.

சங்கத்துக்கு நாங்கள் விடுக்கும் வேண்டுகோளும் இதுவே. பொங்கல் விழாவுக்கும் இசை விழாவுக்கும் வீடு வீடாக வந்து நம்மை ஒன்றுசேர்க்கும் அன்பர்கள், ஒவ்வொரு குடியிருப்பிலும் கைக்குழந்தையுள்ள வீடுகளையும், பேரப்பிள்ளைகளைப் பிரிந்து வாழும் பெரியவர் உள்ள வீடுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்தால் போதும். அதற்கு மேடை வேண்டாம், நன்கொடை வேண்டாம். சந்தைக்குப் புறப்படும் இளந்தாய் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.