துப்பாக்கிக்கும் பல் பார்க்க வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பழைய பொருளைப் பதம் பார்த்து வாங்குவதில் எங்கள் கொங்கு நாட்டு உழவரை மிஞ்ச ஆள் கிடையாது. சித்திரை மாதம் கண்ணபுரம் சந்தையில் காளை பிடிப்பவரைப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நாலடி நடத்தியும் பார்ப்பார். அதன் பிறகே துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடிப்பார். பழைய ரிவால்வர் ஒன்றை வாங்கலாமா என்ற கேள்வி எங்கள் குடும்பத்துக்கு வந்தபோது, இந்தச் சந்தை அறிவும் நான் வகுப்பில் கற்ற வேதியியலும் சேர்ந்தே துணைக்கு வந்தன.

உழவர் வீட்டுக்கு ரிவால்வர் எதற்கு என்று வியக்க வேண்டாம். 2024இல் பல்லடம் அருகிலும் 2025இல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். என் பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்படியொரு தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. பெரியப்பா 1976இல் பட்டாளத்தில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். முறைப்படி விண்ணப்பித்துத் துப்பாக்கி உரிமம் பெற்றார். மஞ்சள் விற்ற பணத்தோடு சேமிப்பையும் சேர்த்து நான்கு லட்சம் ரூபாய் திரட்டினார். கோவையில் ஒரு கடையில் பழைய வெப்ளி ரிவால்வர் விலைக்கு வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. சொன்ன விலை மூன்று லட்சத்து எண்பதாயிரம்.

"ஏங்கண்ணு, நீதான் பி.எஸ்ஸி. படிக்கறயே. கூட வந்து பார்த்துச் சொல்லு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மோட்டார் பழுதானாலும், வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும், மாத்திரை அட்டையில் இருப்பது புரியாவிட்டாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். பட்டப்படிப்புக்குள் உலகமே அடக்கம் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அஞ்சி, ஒரு வாரம் தேடிப் படித்த பிறகே உடன் சென்றேன்.

வெப்ளி என்பது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தயாரிப்பு. பிரிட்டிஷ் படையினர் வைத்திருந்த வெப்ளி ரிவால்வர்கள் .455, .380 அளவுத் தோட்டாக்களுக்கு உரியவை. அத்தோட்டாக்களை ஏற்கும் ரிவால்வர்களை நம் ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்த்திருக்கின்றன. எனவே உரிமம் பெற்ற பொதுமக்கள் பெரும்பாலும் நாடுவது .32 அளவு. கடையில் இருந்ததும் .32 வெப்ளி மார்க் 4 தான். கான்பூரில் நம் அரசுத் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வரும் வெப்ளியின் அமைப்பைத் தழுவியதே. அங்கிருந்து 2014இல் வெளிவந்த 'நிர்பீக்' என்ற ரிவால்வரின் அப்போதைய விலை 1,22,360 ரூபாய். அப்படியிருக்க, பழைய சீமைத் துப்பாக்கிக்கு ஏன் மூன்று மடங்கு? 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்தவையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆக, நாம் எஃகுக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை; கிடைக்காமைக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

கடைக்காரர் ரிவால்வரை மடக்கித் திறந்து, ஆறு அறைகளும் காலி என்று இருமுறை காட்டினார். முதலில் கண்ணைப் பறித்தது அதன் கருநீல மினுமினுப்பு. இது பூசிய வண்ணம் அன்று. எஃகின் மேற்பரப்பையே வேதிவினையால் கறுப்பு ஆக்சைடாக மாற்றியிருப்பார்கள். துருப்பிடித்த துப்பாக்கியைத் தேய்த்து, மறுபடியும் இப்படி மெருகேற்றி விற்பவர்களும் உண்டு. ஆனால் தேய்க்கும்போது முத்திரை எழுத்துகளின் விளிம்பும் மழுங்கிவிடும். இதில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை கூர்மையாகவே இருந்தது. மேனி பழையது, ஆனால் மெய்யானது.

அடுத்துக் குழல். ஒரு முனையில் வெள்ளைத் தாளைப் பிடித்து மறுமுனை வழியாகப் பார்க்கச் சொன்னேன். பழங்காலத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பின் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் இரும்பைத் தின்னும். சுட்டவுடன் நீர்விட்டுக் கழுவாத துப்பாக்கியின் குழல் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலாகிவிடும். இதிலோ சில புள்ளிகளைத் தவிர, வரிப்பள்ளங்கள் தெளிவாக இருந்தன.

சுத்தியை இழுத்து நிறுத்தினால் உருளை அசையாமல் நிற்க வேண்டும். அறையும் குழலும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். இல்லையேல் குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஓரிரண்டு தாள் நுழையும் இடைவெளியே இருக்கலாம். மடக்கித் திறக்கும் கீலும் அதன் பூட்டும் ஆடக்கூடாது. எல்லாம் சரியாகவே இருந்தன. "ஆறு பல்லும் பழுதில்ல" என்று பெரியப்பா சிரித்தார்.

எஞ்சியது நடத்திப் பார்ப்பது. கடைக்காரர் போலித் தோட்டாக்களை இட்டுக் கொடுத்தார். சுத்தியை இழுக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுடுவதென்றால், ஐந்தாறு கிலோ எடையை ஒற்றை விரலால் இழுப்பதற்கு ஒப்பாகும். பெரியப்பா முதல் முறை இழுத்தார். இரண்டாம் முறை கை நடுங்கியது. மூன்றாம் முறை விரல் பாதியில் நின்றுவிட்டது. ஒன்றும் பேசாமல் ரிவால்வரை மேசைமேல் வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

தேநீர்க் கடையில் அமர்ந்த பின், "என்ன கண்ணு சொல்றே?" என்று கேட்டார். பொருள் குறையற்றது. அதைச் சொல்வது எளிது. அவர் கையைப் பற்றி நான் எப்படிச் சொல்வேன்?

"காளை நல்ல காளைதானுங்க பெரியப்பா. நம்ம வண்டிக்குப் பூட்ட முடியாதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். துப்பாக்கியை அலமாரியில் பூட்டித்தான் வைக்க வேண்டும். நள்ளிரவில் மூன்று பேர் சுவரேறி வந்தால் சாவியைத் தேடவும் கண்ணாடியை மாட்டவும் எத்தனை நொடி கிடைக்கும் என்று கேட்டேன். துப்பாக்கி இருக்கும் வீடு என்று தெரிந்தால், அதற்காகவே வருகிறவனும் உண்டு என்றேன்.

வெகுநேரம் கழித்து, "பட்டாளத்துல இந்த விரல் ஒரு நாளும் நின்னதில்ல கண்ணு" என்றார். அதற்கு என் படிப்பில் விடை இல்லை. அவருடைய டம்ளரில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

ரிவால்வர் அன்று வாங்கப்படவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி தோட்டத்தைச் சுற்றி விளக்குகளாகவும், முன்வாசலுக்கு இரும்புக் கதவாகவும் மாறியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஐந்து பேர் இரவு ஒன்பது மணிக்கு ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அச்சம் முழுவதும் போய்விட்டதா என்றால் இல்லை. நாய் குரைத்தால் பெரியம்மா இன்னும் எழுந்து உட்காருகிறார். உரிமத்தில் துப்பாக்கி வாங்கத் தந்த காலக்கெடுவும் இன்னும் முடியவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். "நீ பார்த்துச் சொல்லு" என்ற குரல் நமக்கு அடிக்கடி கேட்கும். பொருள் நல்லதா என்று பார்க்க நம் பாடநூல்கள் உதவும். அது யாருடைய கைக்கு, எந்த இரவுக்கு என்று பார்க்க, அந்தக் கையை அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகே பதில் சொல்வோம்.