ரசீது சட்டைப் பையில் இருந்தது

மீன் பிடிக்க நீலகிரி போய் வந்தோம் என்றதும் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வழக்கும் முற்றுகையும் தலைக்கு மேல் கிடக்கும்போது இதென்ன துரைமார் விளையாட்டு என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்விதான். அதனால்தான் எழுதுகிறோம்.

போனது நான்கு பேர். மூவர் சிவகங்கைப் பக்கத்துச் சேரிகளில் பிறந்தவர்கள். எங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசி ஏலம் எப்போது என்று தப்படித்துச் சொன்னவர் எங்களில் ஒருவரின் தாத்தா. ஏலம் கேட்க அவருக்கு வாய் கிடையாது. நீர் வற்றி ஊரே ஊத்தாவோடு இறங்கும் நாளில், சேறு கலங்கி விராலெல்லாம் போன பிறகு நாங்கள் இறங்கலாம். பத்து வயதில் மடையோரம் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்ததற்கு, அந்தத் தூண்டிலையே முறித்து முதுகில் விளாசினார்கள். வலி அன்றோடு போனது. தண்ணீர் ஓரம் உட்கார்ந்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

நான்காவது தோழர் கோத்தகிரிப் பக்கம் டேன்டீ லயத்தில் வளர்ந்தவர். அவருடைய யோசனைதான் அவலாஞ்சி.

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாகப் போக வேண்டும். ஏரி என்கிறார்கள், குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணையின் நீர்தான் அது. சுற்றிலும் சோலைக்காடும் புல்மேடும். காதை அறுக்கும் காற்று. மீன்வளத் துறையில் பணம் கட்டி வாங்கிய ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தோம்.

இரவல் வாங்கிய தூண்டில்கள். ஃப்ளை ஃபிஷிங்கில் மண்புழு கிடையாது, தக்கை கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய் ஈதான் இரை. அதற்கு எடையே இல்லை, வீசினால் போகாது. கனமான நூல்தான் அதைச் சுமந்துபோகிறது. கோலைப் பின்னால் இழுத்து, நூல் முழுக்க விரியும்வரை ஒரு நொடி பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அந்த ஒரு நொடி எங்களுக்கு வரவே இல்லை. அவசரக் கைகள். பாதி நாள் புதரில் சிக்கிய முள்ளைக் கழற்றுவதிலேயே போனது.

அங்குள்ள ட்ரௌட் இந்த மண்ணின் மீன் அல்ல. 1860-களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் வெற்றி பெற்றார். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. துரைமார் பொழுதுபோக்குக்காக எத்தனை மெனக்கெட்டிருக்கிறார்கள் பாருங்கள். அதற்கு முன்பே, 1879-இல், வேட்டை விலங்குகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களையும் காக்க நீலகிரிக்கென்று தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். ட்ரௌட் முட்டைகள் வந்த இடங்களில் இலங்கை மலைநாடும் ஒன்று.

இதைச் சொன்னதும் டேன்டீ தோழர் சிரித்தார். "அப்ப எங்க பாட்டியும் இந்த மீனும் ஒரே ஊர்க்காரங்க." 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டவர் அந்தப் பாட்டி. "மீன் வர்றதுக்கு முந்தியே சட்டம் வந்து காத்துக்கிட்டு இருந்திருக்கு. எங்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க மூணு தலைமுறை நடக்குறோம்." பிறகு நூலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

மதியம் தாண்டி, மேட்டிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கி வந்தார். சட்டம் படித்தவர்கள் நாங்கள். காவல் நிலையத்தில் குரல் உயர்த்திப் பேசுகிறவர்கள். ஆனால் அவர் வாய் திறக்கும் முன்பே மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டோம். ஒருவர் கையில் ரசீது விரிந்திருந்தது. டேன்டீ தோழர் மட்டும் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"இங்க மீன் நிக்காது தம்பி. அந்தா, ஓடை வந்து விழுற வாய்க்குப் போங்க." ரசீதை அவர் பார்க்கவே இல்லை.

ஓடை வாயில் ஒரு ட்ரௌட் எழுந்து ஈயைக் கவ்வியது. முக்கால் அடி இருக்கும்; பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு. விட்டுவிடுவதுதான் இந்த விளையாட்டின் மரியாதை என்கிறார்கள். மீனே கிடைக்காத வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்த மரியாதை புரியவில்லை. லயத்தில் பாட்டி மிளகாய் அரைத்துப் பொரித்துக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு வாய்.

சாப்பிட்டபடியே அந்த எழுந்து நின்றதைப் பற்றித்தான் பேசினோம். யார் முதலில் எழுந்தது என்று கூட நினைவில்லை. வெட்கமாக இருந்தது, சொல்வதற்கென்ன.

ஜூலையில் புதுப் பசலி தொடங்குகிறது. எங்கள் கண்மாயின் மீன்பாசி குத்தகைக்கு இந்த முறை முன்வைப்புத் தொகை கட்டப்போகிறோம். சேரியில் பதினோரு வீடு பணம் போட்டிருக்கிறது. ஏலத்தன்று வர முடிந்த தோழர்கள் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். நாற்காலி போட்டால் உட்காருங்கள்.