சாம்பலால் எழுந்த சுவர்



புது வீடு வாங்கிக் குடியேறியவரிடம் உறவினர் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆயிற்று?" என்பதுதான். அடுத்து, "கடன் வாங்கினீர்களா?" என்பார்கள். எங்களிடமும் இவ்விரண்டையும் கேட்டார்கள். அந்த வீடு எவ்வளவு மின்சாரம் உண்ணும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நெட்டுக்குப்பத்தில் பதினோர் ஆண்டுகள் வாடகைக்கு இருந்த எங்களுக்கோ, வீடு தேடத் தொடங்கிய நாள் முதல் அந்தக் கேள்வியே முன்னால் நின்றது.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். கிழக்கே கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். இவற்றின் அருகிலேயே அனல்மின் நிலையங்கள். 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால் முகத்துவாரத்திற்கு அப்பால் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் இயங்குகின்றன. சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து கசிந்து, ஆற்றின் அடியில் சாம்பல் படிந்துவிட்டது. அண்டை வீட்டு மீனவர் ஒருவர், "முன்னே இடுப்பளவு தண்ணியிலே இறால் பிடிச்சோம் பாய், இப்ப முழங்கால் அளவுக்குச் சேறு" என்று சொல்லாத வாரமில்லை.

ஆக, விசிறி சுழலும் போதெல்லாம் அதன் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதை நாங்கள் மொட்டை மாடியில் நின்றே பார்க்க முடியும். மற்ற ஊர்களில் அந்த முனை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய வீட்டின் கூரை சிமெண்ட் ஷீட். சித்திரை, வைகாசியில் லுஹர் தொழுகைக்குப் பின் உள்ளே அமர இயலாது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. சன்னலைத் திறந்தால் கடற்காற்றோடு கரித்தூளும் வரும். மூடினால் அடுப்புக்குள் அமர்ந்தது போலிருக்கும். நான்கு விசிறிகள் இரவும் பகலும் ஓடின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரம் நின்றது. வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் ஆற்றிலும் கரையிலும் பரவியது. அந்த நாற்றத்தில் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு விழித்திருந்த இரவில்தான், இனி ஷீட் கூரைக்குள் ஒரு கோடை வேண்டாம் என்று இல்லத்தார் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை.

ஊரை விட்டே போய்விடலாம், ஆவடிப் பக்கம் பாருங்கள் என்று தம்பி வற்புறுத்தினார். மாலை மத்ரஸாவில் நாற்பது பிள்ளைகள் ஓதுகிறார்கள். அவர்களை விட்டு எங்கே போவது? இல்லத்தாரின் நகைகள், தம்பி கொடுத்த கர்ழன் ஹஸனா, பதினோர் ஆண்டுச் சேமிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, எர்ணாவூர்ப் பக்கம் ஒரு மேஸ்திரி பாதி எழுப்பி நிறுத்தியிருந்த சிறு வீட்டைப் பேசினோம். இடையில் ஒரு தரகர், "மின்சாரம் மிச்சப்படுத்தும் வீட்டுக்கு வங்கி வட்டியில் சலுகை உண்டு" என்று ஆர்வத்தோடு வந்தார். பன்றி இறைச்சியில் தள்ளுபடி என்றால் அது ஹலாலாகிவிடுமா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் அருந்திச் சென்றார்.

பாதி வீட்டை வாங்கியதில் ஒரு நன்மை இருந்தது. மீதிப் பாதியை நம் விருப்பப்படி கட்டலாம். வெயில் முழுதும் விழும் மேற்குச் சுவர் இன்னும் எழவில்லை. அதற்கு ஏ.ஏ.சி. கல் போடலாமா என்று கேட்டபோது மேஸ்திரி முகம் சுளித்தார். லைட் வெயிட் பிளாக் என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கல், அனல்மின் நிலையச் சாம்பலோடு சுண்ணாம்பும் சிமெண்டும் சிறிது அலுமினியத் தூளும் கலந்து, மாவு புளித்துப் பொங்குவது போல் பொங்கவைத்து, நீராவியில் வேகவைத்துச் செய்யப்படுவது. உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் சுட்ட செங்கல்லைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். "ஆணி நிக்காது ஹள்ரத்" என்றார் மேஸ்திரி. அது ஓரளவு உண்மைதான். கனமான அலமாரியை மாட்ட அதற்குரிய பிடிப்பான் வேண்டியிருக்கிறது. ஆற்றைத் தூர்த்த அதே சாம்பல் எங்கள் அம்மாவுக்கு நிழலாக நிற்கிறது. இதை எண்ணும்போது மகிழ்வதா வருந்துவதா என்று இன்றும் தெரியவில்லை.

மத்திய அரசு 2018இல் வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் வீட்டுக் கட்டட விதிகளைப் படித்த பொறியாளர் ஒருவர் எங்கள் ஜமாஅத்தில் இருக்கிறார். சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில், திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். நல்ல விதிதான். ஆனால் கரித்தூள் பறக்கும் ஊரில் சன்னலைத் திறந்து வைப்பது எப்படி என்பதற்கு அவரிடமும் விடையில்லை. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும் கிழக்குப் பக்கம் சன்னல்களைப் பெரிதாக்கி, மெல்லிய வலை அடித்து, வாரம் ஒருமுறை வலையைக் கழுவுவது என்று முடிவு செய்தோம். வலை கறுத்துப் போகும் வேகத்தைப் பார்த்தால் முன்பு நுரையீரலுக்குள் என்ன போயிருக்கும் என்று புரிகிறது. இரும்புக் கம்பிகளை உப்புக்காற்று அரித்துவிடும் என்பதால் அலுமினியச் சட்டம் போட்டோம்.

மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்தோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். எண்ணூரில் அந்த வெண்மை ஒரு மாதம் கூட நிலைப்பதில்லை, கழுவினால்தான் பயன். தூசு படிந்தால் கூரைச் சூரியத் தகடுக்கும் இதே கதிதான். 2024இல் அறிவிக்கப்பட்ட சூரியவீட்டுத் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு; மீதித் தொகையைக் கடனின்றிச் சேர்த்த பின் செய்யலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம். வாங்க நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைக்கப்படும் சாதாரண அமைப்பு, மின்தடை நேரத்தில் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புயல் இரவுக்கு அது உதவாது.

செலவில் மிகச் சிறியதும் பலனில் மிகப் பெரியதும் விசிறிகள்தாம். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. வகை 28 முதல் 35 வாட். நான்கு விசிறிகள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழையவை 270 யூனிட் உண்ணும். 28 வாட் விசிறிகள் 100 யூனிட்டோடு நின்றுவிடும். நாங்கள் வாங்கிய 2024இல் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டினாலோ, 101 முதல் 200 வரைக்குரிய மலிவு விலை பறிபோய்விடும். பழைய வீட்டில் கோடை தோறும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டு இல்லத்தார் பெருமூச்சு விடுவார். இப்போது அம்மாவின் அறைக்கு ஐந்து நட்சத்திர ஏ.சி. ஒன்று வைத்து, 26இல் நிறுத்தி, விசிறியும் போடுகிறோம். அப்படியும் 500ஐத் தொடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பணக் கணக்கு இவ்வளவுதான். சாம்பல் கணக்கு வேறு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். மிச்சமான 170 யூனிட்டும் அத்தகைய நிலக்கரியில் விளைவதாகக் கொண்டால், இரு மாதத்துக்கு ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். சிமெண்ட் மூட்டை ஒன்றில் முக்கால் பங்குக்கும் மேல்.

இதை மத்ரஸாவில் சொல்ல முயன்றோம். உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதையும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்று காரணம் கூறியதையும் பாடத்தில் விளக்கியபோது, ஒரு சிறுவன் எழுந்து, "உஸ்தாத், எங்க வீட்டு எல்.இ.டி. பல்பை எலி இழுக்காதே" என்றான். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு அந்த 40 கிலோவைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினோம். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆற்றில் கால் வைத்தால் சாம்பல் ஒட்டும் என்பது அவர்கள் அறிந்ததே.

அண்டை வீட்டாராக இருந்த அந்த மீனவர் குடிபுகும் நாளன்று வந்திருந்தார். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்கு பாய். நீங்க நாலு ஃபேனை மாத்தினா அந்தப் புகைபோக்கி நின்னுடுமா?" என்று கேட்டார். நிற்காது என்றோம். எங்கள் சன்னலை வலையிட்டு மூடிக்கொண்டோம். அவர் இன்னும் ஷீட் கூரைக்குள்தான் இருக்கிறார். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் வயிறார உண்பவன் குறித்த எச்சரிக்கையை எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். குளிர்ந்த சுவருக்கும் அது பொருந்துமோ என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுவாரம் மத்ரஸாவின் ஷீட் கூரைக்குப் பிள்ளைகளின் தகப்பன்மார் நால்வரோடு சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். ஷீட் உடையக்கூடியது என்பதால் பலகை போட்டு, அதன் மேல் நின்றே வேலை செய்தோம். இரண்டு கோட்டு அடித்ததற்குச் செலவு பெரிதாக இல்லை. அஸருக்கு முன் வகுப்பில் அமர முடிகிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

மீதிச் சுண்ணாம்பு இரண்டு வாளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பின் அந்த மீனவர் வீட்டுக் கூரைக்குப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். ஏணி அவரிடமே இருக்கிறதாம்.