தங்காத சொட்டு

அட்டுவம்பட்டியில் பனி இறங்கும் மாலைதோறும் உம்மாவின் கண்ணில் மருந்து விடுகிறேன். கிளாக்கோமா நோய், இழந்த பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்கவே இச்சொட்டு. இமைத்ததும் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்துவிடும். நூற்றில் 5 பங்குகூடக் கண்ணுக்குள் சேர்வதில்லையாம்.

இதற்கென ஆய்வாளர் ஆக்கிவரும் கூழ்மம் விந்தையானது. போலாக்சமர் 407 கரைந்த நீர் குளிரில் ஓடும். கண்ணின் சூடு பட்டதும் உறையும். நெய்க்கு நேர்மாறு! செறிவைக் குறைத்தால் கண்ணீர் அதைக் கரைத்துவிடுகிறது. நூற்றுக்கு 20 பங்காக்கினாலோ ஏறக்குறைய 25 பாகை செல்சியஸிலேயே இறுகுகிறது. எங்கள் மலைக்குளிரில் நீராயிருப்பது மதுரை வெயிலில் குப்பியிலேயே கட்டியாகிவிடும்.

"கண்ணில் உறைந்தால் பார்வையை மறைக்காதா, தம்பி?" என்று உம்மா கேட்டார்கள். சற்று நேரம் மங்கலாம் என்றேன்.

அது கைக்கு வரும்வரை, சொட்டு விட்டதும் மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்கிறேன். மருந்து மூக்கினுள் அவ்வளவாக இறங்காது. கன்னத்தில் வழிந்ததை உம்மா முக்காட்டு நுனியால் துடைத்துக்கொள்கிறார்கள்.