டிக் அடிச்ச நேரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு தொழிற்சாலைக்கு இப்போ ஆணி புடுங்கிட்டு இருக்கேன் மக்களே. மெஷின் பராமரிப்பு வேலை மொத்தத்தையும் அசானாவில் (ஆமா, நம்ம யோகாசனத்துல இருந்து வந்த பேருதான்!) டாஸ்க்கா போட்டு வெச்சிருக்காங்க. ஏபிஐ வழியா அதை உருவி, யார் யார் லேட்டுன்னு மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுக்கணும்.

உருவுறது சுலபம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 டாஸ்க் தரும். மிச்சத்துக்கு அது தர்ற ஆஃப்செட்டைத் திருப்பிக் கொடுத்துக் கேட்கணும். நேரம் யுடிசியில் வரும், ஐந்தரை மணி கூட்டிக்கணும். அவ்ளோதான்.

வில்லங்கம் 'கம்ப்ளீட்டட் அட்'டுங்கிற ஃபீல்டில். வேலை முடிஞ்ச நேரம்னு பேரு. உண்மையில் யாரோ டிக் அடிச்ச நேரம். நைட் ஷிப்ட் ஃபிட்டர் ராத்திரி 2 மணிக்கு பேரிங் மாத்தி, ஜாப் கார்டில் எழுதி வெச்சுட்டுப் போயிடறார். டாஸ்க்கில் அவர் பேர் உண்டு, லாகின் கிடையாது. சூப்பர்வைசர் சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமா டிக் அடிக்கிறார். என் எக்செல்லில் ஃபிட்டர் பேருக்கு நேரே நாலு நாள் லேட்!

அவர் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கறப்போ இந்த ரிப்போர்ட்டைத்தான் புரட்டுவாங்க. 'முடிச்ச தேதி'ன்னு இருந்த தலைப்பை 'டிக் அடிச்ச தேதி'ன்னு மாத்திட்டு, லேட் கணக்கையே தூக்கிட்டேன். ஜாப் கார்டு நேரத்தைத் தனி ஃபீல்டா ஏத்துங்கன்னு மெயிலும் போட்டாச்சு. மேனேஜர்கிட்டேருந்து இன்னும் பதில் வரலை.