எல்லை மலைகளும் தகரப் பெட்டியும்

பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்ல விரும்பும் அன்பர்கள் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியே சென்று சின்னாறு சோதனைச் சாவடியில் மீண்டும் கேரளத்துள் புகலாம். ஒரே பகற்பொழுதில் மாநில எல்லை இருமுறை குறுக்கிடும். மறையூரின் சந்தனக் காட்டையும் கரும்பு வயல்களையும் கடந்தால் தேயிலைப் பசுமை கண்ணை நிறைக்கிறது. வழிநெடுகத் தமிழே செவியில் விழுகிறது.

ரயில்வே ஊழியராகிய நமக்கு மூணாற்றின்மீது தனிப் பற்று உண்டு. இங்கிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு ரயில் ஓடிற்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியாகப் போடி மலையடிவாரத்திற்கு இறங்கின. பெட்டிகள் இறங்கிய அம்மலைமீது ஏறி வந்தவர்கள் நம் மக்கள்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, சென்னை மாநிலத்திலிருந்த பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அன்று முதல் இம்மக்களுக்கு உறவு ஒரு மாநிலத்திலும் காகிதம் மற்றொன்றிலுமாக ஆயிற்று.

தேவிகுளம் வட்டத்து லயம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே, அவர் தந்தையாரின் பெயர் பதிந்த 1947ஆம் ஆண்டுத் தோட்டத்துச் சீட்டு. "தம்பி, அப்பா காணி நிலம் வைத்துப் போகவில்லை, இதைத்தான் வைத்துப் போனார்" என்றார். பேத்தியின் கல்லூரிச் சலுகைக்கு அச்சீட்டே துணை நின்றதாம்.

காரணம் இதுதான். பட்டியல் சாதியினர் குறித்த ஜனாதிபதி ஆணை 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பிறந்தது. அந்நாளில் குடும்பம் எம்மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தது என்பதே அளவுகோல். இடம்பெயர்ந்தோர் பிறந்த மாநிலத்துச் சலுகையைப் புதிய மாநிலத்தில் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆகவே பழைய தோட்டப் பதிவும் பள்ளிச் சான்றும் குப்பையல்ல. பிள்ளைகளின் படிப்பே அவற்றில் அடங்கியுள்ளது.

ஓய்வுபெறுவோர் பணிக்கொடையைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஓராண்டுச் சேவைக்குப் பதினைந்து நாட்கூலி என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு. முப்பதாண்டு உழைத்தவர்க்கு 450 நாட்கூலி உரியது. வைப்புநிதிக் கணக்கில் "மாரியம்மாள்" என்றும் ஆதாரில் "மாரியம்மா" என்றும் இருந்தால் பணம் தடைப்படும். வேலையில் இருக்கும்போதே பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றுபடுத்திக்கொள்வது நலம்.

எல்லைக்கு இருபுறமும் வீடுடையோர் வாக்காளர் பட்டியலில் ஓரிடத்திலேயே பெயர் வைக்க வேண்டும்; இரண்டு தொகுதிகளில் பதிவதைச் சட்டம் தடுக்கிறது. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும்.

மலையாளம் எழுதத் தெரியாதென்று அஞ்ச வேண்டுவதில்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற மறவாதீர்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். முத்திரையிட்ட தாளே சாட்சி சொல்லும்.